நீ துத்தி என்று பிடுங்கிய செடி

எழுதுவதற்கு மன்னித்துக்கொள். ஒரே வீட்டில் எட்டு வருடம் இருந்த இரண்டு பேருக்குள் கடிதம் எதற்கு என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நேரில் நின்று பேச எனக்கு வராது. கல்லூரியில் வாய்மொழித் தேர்வில் விடை தெரிந்தும் வாயைத் திறக்காமல் நின்று மதிப்பெண்ணை விட்டவள் நான். வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்புகளுக்குக் கூலிக்குப் போன குடும்பத்தில், முதல் பட்டதாரி என்று தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வாங்கியவள். அந்தக் காகிதம் எனக்கு வேலை வாங்கித் தந்தது. பேச்சை வாங்கித் தரவில்லை. எழுதத்தான் வரும், அதனால் எழுதுகிறேன்.

மகனே என்று தொடங்கவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். எனக்கு முப்பத்து மூன்று வயது, உனக்கு இருபத்தைந்து. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டிய வயது வித்தியாசம். ஆனால் நம் ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் என்று என் படம் இருக்கிறது, அதற்குக் கீழே மகன் என்று உன் பெயர் இருக்கிறது. அரசாங்கம் சொல்லித்தான் நாம் தாயும் மகனும். அந்த உரிமையில் எழுதுகிறேன். இதைக் கவரில் போட்டு ஒட்டி உன் கையில் தராமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு. நீ என்னைப் பேசியது மூடிய அறைக்குள் இல்லை. கல்லறைத் தோட்டத்தில், நாற்பது பேர் கையில் மெழுகுவத்தியோடு நிற்கும்போது பேசினாய். கோபமாகத்தான் எழுதுகிறேன். நடுவில் எங்காவது அன்பு வரும் என்று தேடி ஏமாறாதே.

அடுத்த மாதம், தவக்காலம் தொடங்குவதற்கு முன், உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால், வருகிற திங்கட்கிழமை, உன் அம்மாவின் கல்லறைமேல் கிரானைட் கல் பதிக்க ஆள் வருகிறது என்று உன் அப்பா சொன்னார். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரே கறுப்புக் கல். அந்தக் கல்லுக்குக் கீழே போகப் போவது மண் மட்டுமில்லை. நான்கு செடிகளும் போகும். அந்த நான்கும் அங்கே எப்படி வந்தன, அவற்றுக்கு முன்னால் இருந்த பத்து என்ன ஆயின என்பதை நீ ஒருமுறையாவது முழுதாகக் கேட்க வேண்டும்.

நான் வெளிநாட்டுக்குப் பூ அனுப்பும் ஒரு பண்ணையில் நாற்று வளர்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன் என்பது உனக்குத் தெரியும். அதற்குமேல் நீ கேட்டதில்லை. போன வருடம் ஜூன் மாதம் பண்ணையின் மேற்பார்வையாளர் ஒரு பொட்டலம் விதை தந்தார். ஹாலிஹாக் என்று பெயர். ஆள் உயரத்துக்கு மேலே நேராக வளர்ந்து, தண்டு முழுக்கக் கீழிருந்து மேலாகப் பூத்துக்கொண்டே போகும் செடி. இப்போது கடையில் கிடைக்கும் விதைகளில் பல, போட்ட வருடமே பூத்துவிடும். இவர் தந்தது பழைய ரகம். முதல் வருடம் இலை மட்டும். தரையோடு தரையாக, வட்ட வட்டமாக, சொரசொரப்பான இலை. ஒரு குளிர்காலம் அதன்மேல் போக வேண்டும். அதற்குப் பிறகுதான் தண்டு எழும்பும், பூக்கும், விதை விடும், காய்ந்து போகும். இரண்டு வருடக் கணக்கில் ஒரே ஒரு பூக்காலம். "இத யாரும் வாங்க மாட்டாங்கம்மா, பொறுமை யாருக்கு இருக்குது? நீயே எங்கயாவது வெச்சிக்கோ" என்றார். நம் ஓசூர் வீட்டில் எங்கே வைப்பது? வாசலில் வண்டி, பின்னால் தண்ணீர்த் தொட்டி, மாடியில் துணி. ஆறடி மண் நம் குடும்பத்துக்கு ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது.

உன் அம்மா மேல் உள்ள பாசத்தில் அங்கே நட்டேன் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். நானும் நம்ப மாட்டேன். நான் அவரைப் பார்த்ததே இல்லை. காரணம் வேறு. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் உங்கள் எல்லோருடனும் நானும் அங்கே வந்து நிற்கிறேன். சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போனதும் உறவுக்காரர்கள் அத்தனை பேரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் அழுகிறேனா, அழுவது போல் வைத்துக்கொண்டிருக்கிறேனா, சும்மா நிற்கிறேனா என்று. அழுதால் நடிப்பு, அழாவிட்டால் கல் நெஞ்சு. எனக்குக் குனிந்து செய்ய ஒரு வேலை வேண்டியிருந்தது. கையில் வேலை இருந்தால் முகத்தைக் காட்ட வேண்டியதில்லை. அவ்வளவுதான் என் பக்தி.

குழித்தட்டில் தேங்காய்நார்க் கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதையாக வைத்தேன். விதை தட்டையாக, சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கும். மேலே மண்ணை அழுத்தக் கூடாது, தூவினால் போதும். இரண்டு வாரத்தில் முளைத்தது. நான்கு இலை வந்ததும் நாற்றுப் பைக்கு மாற்றினேன். இந்தச் செடிக்கு வேர் நேராகக் கீழே இறங்கும், முள்ளங்கி மாதிரி. பெரிதான பிறகு பிடுங்கி நட்டால் வேர் முறியும், அதோடு போயிற்று. அதனால் காலம் தவறாமல் நட வேண்டும். நடுவதற்கு முன் பத்து நாள் மாடியில் வைத்து வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்கினேன். "மாடியில என்னாத்துக்கு இவ்ளோ பை? துணி காயப் போடக்கூட எடமில்ல" என்று நீதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவிடம் கேட்டாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

செப்டம்பரில் மேகமூட்டமாக இருந்த ஒரு புதன்கிழமை, எனக்கு வார விடுமுறை, பத்து செடிகளைப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து ஸ்கூட்டியில் கொண்டு போனேன். மண்ணா அது? மேலே ஒரு சாண் செம்மண், கீழே சரளை. கடப்பாரை போட்டுக் குழி எடுத்தேன். ஒரு வரிசைக்கு ஐந்து, ஒன்றரை அடி இடைவெளி, இரண்டு வரிசை. பையைக் கிழித்து, வேர்க்கட்டு உடையாமல் இறக்கி, சுற்றிலும் அழுத்தி, தண்ணீர் விட்டேன். அங்கே குழாயில் தண்ணீர் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற நாளில் வீட்டிலிருந்து இரண்டு கேன். செப்டம்பரிலிருந்து அக்டோபர் கடைசி வரை ஒரு புதன்கிழமையும் விடவில்லை. அடி இலையில் துரு மாதிரி ஆரஞ்சுப் புள்ளி வந்தபோது அந்த இலைகளைக் கிள்ளிப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்து எரித்தேன். மீதி நான்கு செடிகளை வீட்டிலேயே பெரிய பையில் வைத்திருந்தேன், எது போனாலும் மாற்ற வேண்டுமே என்று. பண்ணையில் கற்ற பழக்கம்.

நீ வேலை செய்யும் போச்சம்பள்ளியிலிருந்து ஊருக்கு வந்து, திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை இரண்டு நண்பர்களோடு கல்லறையைச் சுத்தம் செய்யப் போனாய். வருடா வருடம் எல்லாக் குடும்பமும் செய்வதுதான். களை எடுப்பது, கட்டைக்குச் சுண்ணாம்பு அடிப்பது, சிலுவையில் பெயரைத் திரும்ப எழுதுவது. ஹாலிஹாக் இலை துத்தி இலை மாதிரிதான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். ரோட்டோரம் முளைக்கும் துத்தியைப் பார்த்தே வளர்ந்தவன் நீ. பூவும் இல்லை, மொட்டும் இல்லை, கல்லறைமேல் படர்ந்து கிடக்கும் இலை. வேறு என்னவென்று நினைப்பாய்? பிடுங்கியதற்கு உன்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் துத்தி இரண்டு வரிசையாக, ஒன்றரை அடிக்கு ஒன்றாக அளந்து முளைக்குமா? பொறியியல் படித்தவன். தினமும் கம்பெனியில் அளவு கருவியை வைத்து மில்லிமீட்டர் பார்ப்பவன். உன் கண்ணில் அது படவில்லை.

மறுநாள் திருநாள். சாமியார் அடுத்த வரிசைக்குப் போனதும் உன் நண்பன்தான் தொடங்கினான். "மச்சான், அந்த துத்திய வீட்டுக்காவது எடுத்துனு போயிருக்கலாம்டா. மூலத்துக்கு நல்லதாம், எங்கப்பன் தேடிக்கினு இருக்கறாரு." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாய்: "காடா கெடந்துச்சு. உள்ளூர்லயேதான் இருக்கறீங்க, ஒரு நாள் வந்து எட்டிப் பாத்திருக்கலாமில்ல? உங்களுக்கு என்ன, உங்க அம்மாவா?" உன் பெரிய அத்தை, அப்பாவின் அக்கா, அதைப் பிடித்துக்கொண்டார். "மேடம் பண்ணையில வெள்ளக்காரன் பூவுக்குத் தண்ணி ஊத்தறதுக்கே நேரம் பத்தலயாம். செத்தவங்களுக்கு யாரு வர்றது?"

நான் அப்போது எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? மதில் ஓரம் கிடந்த குவியலை. இலை வாடிச் சுருண்டிருந்தது, வேர் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. பத்தையும் எண்ண முடிந்தது. ஒரு வாக்கியம் போதும். "அது களையில்லை, நான் நட்டது." வாய் வரை வந்தது. வெளியே வரவில்லை. மெழுகுவத்தி என் விரலில் உருகி வழிந்தது, அதைக்கூட அசைக்கவில்லை. உன் அப்பாவுக்குத் தெரியும், செடி நட்டதை அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சிலுவையைப் பார்த்தார். திரும்பி வரும் வழியில் வண்டியில் சொன்னார்: "சின்னப் பையன், தெரியாம பேசிட்டான், வுடு." "சின்னப் பையனுக்கா பொண்ணு பாத்து முடிச்சிருக்கறீங்க?" என்று கேட்டேன். எட்டு வருடத்தில் அவரை நான் எதிர்த்துக் கேட்டது அது ஒன்றுதான்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன், நீ சொல்லிக்காட்டுவதற்கு முன்னால். சொல்லாமல் நட்டது தப்பு. உன் அம்மாவின் கல்லறையில் நடப்போகிறேன் என்று உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாய் என்று பயந்து கேட்கவில்லை. பேர் எழுதி ஒரு குச்சியாவது செருகியிருக்க வேண்டும். பண்ணையில் தட்டுக்குத் தட்டு குச்சி செருகுகிறவள் அங்கே செருகவில்லை. இவை சின்னத் தப்புகள். பெரிய தப்பு ஒன்று உண்டு, அதன் கனம் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான் வீட்டுக்கு வந்து மூன்றாம் மாதம். நீ பிளஸ் டூ. அதுவரை என்னைச் சித்தி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய், அதில் ஒரு கூச்சம் இருந்தது, வெறுப்பு இல்லை. உன் பெரிய அத்தை வந்து, "புதுசா வந்தவ பீரோவுல பழையவ துணி இருக்கக் கூடாது, நல்லதில்ல" என்றார். நான் மறுநாளே உன் அம்மாவின் புடவைகளை மூட்டை கட்டிக் கோயிலில் ஏழைகளுக்குத் தரும் பெட்டியில் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பீரோவைத் திறந்தாய். "எங்கம்மா பொடவைங்க எங்க?" என்றாய். "கோயிலுக்குக் குடுத்தாச்சு" என்றேன். பீரோ கதவை மெதுவாகச் சாத்தினாய். அன்றிலிருந்து நீ என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. "இந்தாங்க", "வந்துட்டாங்களா", "சொல்லுங்க". எட்டு வருடம்.

அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கேட்பது லேசாக இல்லை, ஆனால் கேட்கிறேன். நீ பிடுங்கியது தெரியாமல். நான் கொடுத்தது தெரிந்து. கணக்குப் பார்த்தால் என் தப்புதான் பெரியது. ஆனால் ஒன்றை நினைத்துப் பார். நான் அதைச் செய்துவிட்டு நாற்பது பேர் முன்னால் உன்னைக் கேவலப்படுத்தவில்லை. நீ உன் நண்பனிடம் நம் வாசலில் நின்று கன்னடத்தில், "இவுரு நம்மம்ம அல்லா, நம்மப்பன ஹெண்ட்தி" என்று சொன்னாயே, எனக்குப் புரியாது என்று நினைத்து. எங்கம்மா இல்லை, எங்கப்பன் பொண்டாட்டி. மூன்று மாநில எல்லையில் பிறந்த வேப்பனப்பள்ளிக்காரிக்குக் கன்னடம் புரியாது என்று நினைத்தாய் பார். எனக்குத் தெலுங்கும் தெரியும். அதிலும் திட்ட வேண்டுமென்றால் யோசித்துத் திட்டு. அன்றைக்கும் நான் உள்ளே போய் உங்கள் இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொண்டு வந்து வைத்தேன். இதைப் பெருந்தன்மை என்று எழுதவில்லை. பேசத் தெரியாதவள் டீ போடுவாள். அவ்வளவுதான்.

நவம்பர் இரண்டாம் வாரம் மீதி நான்கு செடிகளையும் கொண்டு போய்த் தலைமாட்டில், சிலுவைக்கு இருபுறமும் நட்டேன். சுண்ணாம்பு சிந்தியிருந்த மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, புது மண்ணும் மக்கிய எருவும் போட்டேன். இந்த முறை வெள்ளைக் குச்சியில் மை அழியாத பேனாவால் எழுதி வைத்தேன்: "இது களை இல்லை. பிடுங்க வேண்டாம்." கிறிஸ்துமஸ் அன்று நீ அதைப் பார்த்தாய். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டாய், அவர் அப்போதுதான் சொன்னார், நட்டது நான் என்று. முன்னால் பிடுங்கிய பத்தும் நான் நட்டவை என்று. சமையலறையில் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லப் போகிறாய் என்று அடுப்பைக் குறைத்தேன். நீ சொன்னாய்: "எங்கம்மா கல்லறையில அவங்களுக்கு என்ன வேல? கிரானைட் போட்டுட்டா இந்தத் தொல்லையே இல்லப்பா. வருசத்துக்கு ஒரு தடவ வந்து தொடச்சா போதும்."

எனக்கு என்ன வேலை என்று கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். எனக்கு ரத்த உரிமை எதுவும் இல்லை. ஆனால் அந்த மண் காலையில் எந்தப் பக்கம் நிழலில் இருக்கும், எங்கே கடப்பாரை இறங்கும், எங்கே கல் தட்டும், மழை பெய்தால் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. நீ திருநாளுக்கு மட்டும் வருகிற மகன். அந்த ஒரு நாளையும் துடைக்கிற வேலையாகச் சுருக்கத்தான் கல் வாங்குகிறாய். கல் வைக்கிறவர்கள் எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை. பக்கத்துக் கல்லறைகளில் எத்தனையோ பேர் ஆசையாக வைத்திருக்கிறார்கள். நீ வைப்பது ஆசையில் இல்லை. நான் குனியக் கூடாது என்று வைக்கிறாய். அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், அளவெடுக்க வந்த கல்காரருக்கு மட்டும்தான் தெரியாது.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய். பெற்றவர்கள் இந்த மாதிரிக் கடிதத்தில் புத்தி சொல்ல வேண்டும். செடியை வைத்து உனக்குக் குடும்பப் பாடம் நடத்த எனக்கு விருப்பமில்லை. நேராகவே சொல்கிறேன். உன் வீட்டுக்கு வரப்போகிற பெண்ணும் வேலைக்குப் போகிறவள், அதிகம் பேசாதவள். நிச்சயதார்த்தத்தில் பார்த்தேன், உன் அத்தை கேட்ட ஐந்து கேள்விக்கும் தலையைத்தான் ஆட்டினாள். அவள் ஏதோ ஒன்றை எங்கோ வைத்தால், அது என்னவென்று உனக்குத் தெரியாவிட்டால், எடுத்து எறிவதற்கு முன் அவளிடம் கேள். அவள் சொல்லத் தாமதமாகும். நின்று கேள். பிறகு தெரிந்துகொண்டால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல முடியாமல் நீ ஒரு லாரிக் கல்லை வரவழைக்கிறாய். அவளிடமும் இப்படித்தான் இருப்பாய் என்றால் நான் அவளுக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும். அவள் அம்மாவாக இல்லை, ஏற்கனவே அந்த வீட்டில் இருந்தவளாக.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை இன்னும் கேட்காமல் வைத்திருக்கிறேன். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கிறது, கோபப்படுவது அதைவிடச் சுலபமாக இருந்தது. கல்லே வேண்டாம் என்று கேட்கப் போவதில்லை. அது உன் அம்மாவின் இடம், நீ வைத்துக்கொள். ஆனால் அந்த நான்கு செடிகளும் இந்தக் குளிரைத் தாண்டிவிட்டன. போன புதன்கிழமை பார்த்தேன், நடுக்குருத்து தடித்து மேலே ஏறுகிறது. ஈஸ்டர் சமயத்தில் பூக்கும். மே கடைசியில் விதை முற்றிச் செடி தானாகக் காய்ந்துவிடும், அதன் ஆயுள் அவ்வளவுதான். இப்போது பெயர்த்து வேறு இடத்தில் நட்டால் பிழைக்காது. ஜூன் முதல் வாரம் நானே வேரோடு எடுத்து, மண்ணைக் கொத்தி மட்டப்படுத்திக் கொடுத்துவிடுகிறேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் கடப்பாரையோடு வர மாட்டேன். திங்கட்கிழமை வர வேண்டாம், ஜூனில் வந்தால் போதும் என்று கல்காரருக்கு நீயே போன் செய்து சொல்.